குமரியின் மேற்குக் கடற்கரையில் இரண்டு நாள்: நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

சொந்த ஊர் நாகர்கோவில் என்று சொன்னால் போதும், "அப்போ கன்னியாகுமரி பக்கம்தானே, எங்கெல்லாம் போகலாம்?" என்று வந்துவிடும். விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம், இதற்கெல்லாம் என் யோசனை யாருக்கும் தேவையில்லை. படகுத்துறை வரிசையில் போய் நின்றால் தானாக நடந்துவிடும். நான் ஆட்களை அனுப்புவது அங்கிருந்து மேற்கே போகிற கடலோரச் சாலைக்கு. வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டித் தட்டிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எந்தச் சாலை? எவ்வளவு தூரம்?

கன்னியாகுமரியில் கிளம்பி கோவளம், மணக்குடி, பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை, முட்டம், கடியப்பட்டினம், மண்டைக்காடு, குளச்சல் வழியாகத் தேங்காப்பட்டினம் வரை. வளைந்து வளைந்து போனாலும் அறுபது கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இது தென்னந்தோப்புக்குள் நுழையும், வாய்க்கால் ஓரம் கொஞ்ச தூரம் போகும், ஏதாவது ஒரு ஊரின் சர்ச் வாசலில் போய் முட்டி வலது பக்கம் திரும்பும். கடல் எங்கே போனது என்று யோசிக்கும்போது அடுத்த வளைவில் காலடியில் கிடக்கும்.

அறுபது கிலோமீட்டருக்கு இரண்டு நாளா?

ஆமாம். நிற்காமல் ஓட்டினால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பிறகு "ஒண்ணும் இல்லையே" என்று என்னிடமே சொல்வீர்கள். ஒருவர் அப்படிச் சொல்லியும் இருக்கிறார். இந்தச் சாலையில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் வண்டியை நிறுத்தினால்தான் தெரியும். முதல் நாள் காலை கன்னியாகுமரி, மாலை முட்டம். இரண்டாம் நாள் முட்டத்திலிருந்து தேங்காப்பட்டினம். நடுவில் மத்தியானம் இரண்டு மணி நேரம் எங்காவது தோப்பு நிழலில் சும்மா கிடப்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எந்த முனையில் தொடங்குவது நல்லது?

கன்னியாகுமரியில். காரணம் சின்னது, ஆனால் உருப்படியானது: மேற்கே ஓட்டும்போது கடல் இடது கைப் பக்கம் இருக்கும். நாமும் சாலையின் இடது ஓரத்தில்தான் ஓட்டுகிறோம். அதனால் நினைத்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தலாம், எதிரே வருகிற மினிபஸ்ஸின் ஆரனுக்குப் பயந்து சாலையைக் கடக்க வேண்டியதில்லை. காலையில் வெயிலும் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் கண்ணைக் கூசும்தான், அதற்குள் முட்டத்தில் இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும்.

கூகுள் மேப்பில் கோவளம் என்று போட்டால் கேரளாவுக்குக் கூப்பிடுகிறதே?

கூப்பிடும். சில சமயம் சென்னைக்கும் கூப்பிடும். கோவளங்கள் மூன்று. நமக்கு வேண்டியது கன்னியாகுமரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் மீனவ ஊர். அதேபோல முட்டம் வேறு, சின்னமுட்டம் வேறு. சின்னமுட்டம் கன்னியாகுமரிக்கு ஒட்டினாற்போல் கிழக்குப் பக்கம் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். முட்டம் மேற்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி. "முட்டத்துக்கு வந்துட்டோம், பாறையையே காணோம்" என்று ஒரு குடும்பம் சின்னமுட்டத்திலிருந்து போன் செய்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கடைசியில் தேங்காப்பட்டினத்தில் கடலில் சேர்கிற தாமிரபரணி, திருநெல்வேலித் தாமிரபரணி இல்லை. இது குழித்துறை வழியாக வருகிற வேறொரு ஆறு.

எந்த மாதம் வரலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் இந்தப் பக்கம் கொந்தளிக்கும். பார்க்க அது ஒரு தனி அழகு என்பேன், முட்டத்தில் அலை பாறையில் அறைந்து தென்னை உயரம் எழும்புவதை ஜூலையில்தான் பார்க்க வேண்டும். ஆனால் சில ஊர்களில் அலை சாலைக்கே வந்துவிடும், கல் கிடக்கும், போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். ஓய்வாக வருகிறவர்களுக்கு அந்த மாதங்கள் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் எட்டிப் பார்க்கும்.

மணக்குடியில் எதற்கு நிற்க வேண்டும்?

பாலத்துக்காக. பழையாறு கடலில் சேரும் இடம் இது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் கீழமணக்குடி, அந்தப் பக்கம் மேலமணக்குடி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கே இருந்த கான்கிரீட் பாலம் பெயர்ந்து துண்டுகளாக ஆற்றின் உள்பக்கம் இழுத்துச் செல்லப்பட்டது. கடலிலிருந்து நிலத்தை நோக்கி! பல நாள் இரண்டு கரையும் பிரிந்து கிடந்தன. இப்போதுள்ள பாலத்துக்குக் காமராஜர் அமைச்சரவையில் இருந்த லூர்தம்மாள் சைமன் பெயர்.

பாலத்துக்கு முன்பே வண்டியை விட்டுவிட்டு நடந்து போங்கள். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத உப்பங்கழி. காலை ஏழு மணிக்குக் கொக்கும் நாரையும் சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கும். கொஞ்சம் உள்ளே போனால் புத்தளம் உப்பளங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்களையும் சேர்த்து இந்தப் பகுதி முழுக்கப் பறவைகளுக்குப் பேர்போனது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரமும் கிடைத்தது.

சொத்தவிளை, சங்குத்துறை, லெமூர் — எல்லாவற்றிலும் இறங்க வேண்டுமா?

வேண்டாம். மூன்றும் மணல் கடற்கரைதான், ஒன்றில் இறங்கினால் போதும். நீளமாக நடக்கப் பிடிக்கும் என்றால் சொத்தவிளை.

சரி, முட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பாறை. எண்பதுகளில் முட்டத்தில் எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலம் ஒரு மேடாகக் கடலுக்குள் மூக்கை நீட்டுகிறது. மேட்டின் மேல் கலங்கரை விளக்கம். கீழே யானை யானையாகப் பழுப்புப் பாறைகள், சில தண்ணீருக்குள், சில கரையில், சில இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்காமல். பாறை இடுக்குகளில் தண்ணீர் புகுந்து திரும்பும்போது அடித்தொண்டையில் யாரோ செருமுவது போல ஒரு சத்தம் வரும். முதலில் சத்தம், அப்புறம் நுரை. இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

மேட்டின் மறுபக்கத்தைப் பலர் பார்ப்பதில்லை. அங்கே மண் செக்கச்செவேல் என்று இருக்கும். திருச்செந்தூர், திசையன்விளைப் பக்கம் தேரி பார்த்திருப்பீர்கள், அதே செம்மணல் மேடு. மழைநீர் அரித்து அரித்துச் சின்னச் சின்னப் பள்ளத்தாக்குகளாக வெட்டி வைத்திருக்கிறது. சிவப்பு மண், அதன் கீழே பழுப்புப் பாறை, அதற்கும் கீழே பச்சையும் நீலமுமாகக் கடல். ஐந்து மணி வெயிலில் பாருங்கள்.

சூரிய அஸ்தமனத்துக்கு முட்டத்தைத்தான் சொல்வேன், கன்னியாகுமரியை இல்லை. கன்னியாகுமரியிலிருந்து கரை மேற்கே போகும்போது கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகிறது. ஏப்ரலுக்குப் பிறகு சூரியனும் வடக்கே நகர்ந்துவிடுவதால் அங்கிருந்து பார்த்தால் அது கடலில் விழாமல் நிலத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். முட்டத்தைத் தாண்டியதும் கரை இன்னும் நன்றாக வடமேற்கே திரும்புகிறது. அதனால் முட்டம் மூக்கில் நின்றால் ஜூனிலும் சூரியன் கடலுக்குள்தான் இறங்கும், மேகம் விட்டால். சித்திரைப் பௌர்ணமிக்கு மட்டும் கன்னியாகுமரி. ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதை அங்கேதான் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கூட்டமும் அப்படித்தான் இருக்கும்.

இந்தப் பாறைகளெல்லாம் எரிமலைப் பாறைகளா?

இல்லை. சார்னகைட், கார்னெட் கலந்த நைஸ் வகைகள். பூமிக்கு அடியில் மிகுந்த ஆழத்தில் வெந்து அழுந்தி உருமாறியவை, வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடம் இது. மலையின் மிச்சம் கடலுக்குள் இறங்கிப் போவதைத்தான் நாம் முட்டத்தில் பார்க்கிறோம். சார்னகைட் என்ற பெயரே தமிழ்நாட்டுக் கல்லால் வந்தது: கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல்லைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

மணல் சில இடங்களில் கறுப்பாக, சிவப்பாக இருக்கிறது. கதிர்வீச்சு என்கிறார்களே, குழந்தைகளை விளையாட விடலாமா?

சிவப்பு, கார்னெட். கறுப்பு, இல்மனைட். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அருமணல் ஆலை இருப்பதே இந்தத் தாதுக்களுக்காகத்தான். கூடவே மோனசைட்டும் உண்டு, அதில் தோரியம் இருப்பதால் இந்தப் பக்கம் இயற்கையான கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். ஆனால் கதிர்வீச்சில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஒரு மாலை நேரம் மணல்வீடு கட்டுகிற குழந்தைக்கு அதனால் கவலைப்பட எதுவும் இல்லை. அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு அது வேறு கேள்வி. மணல் எடுப்பதற்குக் கடலோர ஊர்களில் நெடுங்காலமாக எதிர்ப்பு இருக்கிறது. டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். இதைத்தான் நான் அதிகம் சொல்கிறேன், இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இது நின்று பார்க்கிற கடல். மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். இங்கே கரை சட்டென்று ஆழமாகும். திரும்பும் அலை காலுக்கடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும். பாறை இருக்கும் இடங்களில் பச்சைப் பாசி படிந்திருந்தால் அது ஈரமான சோப்பு. செல்ஃபி எடுக்கிறவர் பின்னால் ஒரு அடி வைத்தால் போதும்.

அப்புறம் கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். இந்துமாக் கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலால் கிளம்பிய நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து, இங்கே எந்த அறிகுறியும் தெரியாமல் கரையேறும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி விடுமுறையில், இது அடிக்கடி நடக்கும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் உயிரிழந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும். கிளம்பும் நாள் காலையில் அதைப் பார்த்துவிடுங்கள். அதைவிடச் சுலபமான வழி: அன்றைக்கு வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் கரையில் மேலே ஏற்றிக் கிடந்தால் நீங்களும் மேலேயே இருங்கள்.

குளித்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே போனால் திற்பரப்பு அருவி இருக்கிறது.

கார் போதுமா? பைக்கா?

எது இருந்தாலும் சரி. ஊர்களுக்குள் சந்து குறுகல், பைக் வசதி. பஸ்ஸிலும் முடியும், நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்திலிருந்து கடலோர ஊர்களுக்கு டவுன் பஸ் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் நாகர்கோவிலுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

கார்காரர்களுக்கு ஒன்று. மணலில் இறக்காதீர்கள். ராஜாக்கமங்கலம் பக்கம் ஒருமுறை, தார் முடிந்து இன்னும் இருபது அடிதானே என்று இறக்கினேன். முன்சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்தன. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. வலை பின்னிக்கொண்டிருந்த நான்கு பேர் எழுந்து வந்தார்கள். பெரியவர் ஒருவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்கு மக்களே. முறுக்காத, மெதுவா எடு" என்றார். தென்னை மட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னால் சொருகினார்கள், இரண்டு பேர் பின்னால் கை கொடுத்தார்கள், வண்டி ஏறிவிட்டது. பணம் நீட்டியபோது வாங்கவில்லை. "பம்பு இல்லாமலா வந்தே?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து பம்பு வண்டியில் இருக்கிறது.

மீனவ ஊர்களுக்குள் போனால் ஏதாவது நினைப்பார்களா?

மாட்டார்கள், நாம் ஒழுங்காக இருந்தால். சாலையிலேயே வலை காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள், ஆரனும் அடிக்காதீர்கள். நிறுத்தினால் யாராவது வந்து சுருட்டி வழிவிடுவார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு சர்ச் முன்னாலும் ஊரே கூடியிருக்கும், அந்த நேரத்தில் ஊர்களைக் கடக்காமல் இருந்தால் இரு தரப்புக்கும் நல்லது. பல ஊர்களில் 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இருக்கின்றன. சுற்றுலா உற்சாகத்தில் அதைப் பற்றி யாரையும் தோண்டிக் கேட்க வேண்டாம்.

சாப்பாடு?

மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். கிழங்கை அவித்து, தேங்காய், பச்சைமிளகாய் அரைப்பு சேர்த்து மசித்திருப்பார்கள். அதன் மேல் சாளைக் குழம்பு, தேங்காய் அரைத்து, புளி தூக்கலாக. சாளை என்றால் உங்கள் ஊர் மத்தி. பெரிய ஹோட்டலில் கேட்காதீர்கள், ஊர் முக்கில் நாலு பெஞ்சு போட்ட கடையில் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். நெய்மீன் பொரித்தது இருக்கிறது என்று சொன்னால் அது வஞ்சிரம், விலையைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மாலையில் ரசவடை, பழபஜ்ஜி, சுக்கு காப்பி. சாலையோரம் மட்டிப்பழக் குலை தொங்கினால் ஒரு சீப்பு வாங்கிப் பின்சீட்டில் போடுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், வண்டி முழுக்க மணக்கும். 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அதற்கு முன்பும் இதே மணம்தான். கோடையில் வந்தால் அக்கானி என்று கேளுங்கள். பதநீரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்.

மீன் வாங்கிக்கொண்டு போகலாமா?

குளச்சலில், கரையில் ஏலம் விடும்போது வாங்கலாம். நமக்கு ஏலக் கணக்கு பிடிபடாது, ஏலத்தில் எடுத்துக் கூடையில் வைத்து விற்கும் பெண்களிடம் பேரம் பேசுங்கள். திங்கட்கிழமை அதிகாலை அவ்வளவாகக் கிடைக்காது, ஞாயிறு பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள். விசைப்படகுத் தடைக்காலமும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்: கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், முட்டம், தேங்காப்பட்டினத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகு மீன் அப்போதும் வரும், விலை ஏறியிருக்கும்.

மண்டைக்காடு கோயிலுக்குப் போக நேரம் இருக்குமா?

இருக்கும். பகவதியம்மன் கோயில், கடலுக்குப் பக்கத்திலேயே. மூலவர் ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த புற்று. தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்வார்கள். மாசி மாதத் திருவிழாவான மாசிக்கொடை பத்து நாளும் மட்டும் காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள், கேரளாவிலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள், சாலை நகராது.

குளச்சலில் போர் நடந்ததாமே?

1741 ஆகஸ்ட் 10. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை இங்கே தோற்கடித்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், கடைசி சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கதை புரியும். பிடிபட்ட டச்சுப் படையினரில் ஒருவர் டிலனாய். பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆகி, 1777-இல் இங்கேயே இறந்தார். கடற்கரைக்குப் பக்கத்தில் வெற்றித் தூண் இருக்கிறது. துடுப்புகளைத் தோளில் சாய்த்து மீனவர்களை வரிசையாக நிறுத்தி, தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்களுக்குத் துப்பாக்கிப்படை போலக் காட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, குளச்சல்காரர்கள் சொல்லும் விதத்தில் நம்பத் தோன்றும்.

மழை பிடித்துக்கொண்டால்?

உள்ளே திரும்பிவிடுங்கள். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும். பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை, மரவேலைக்கே அரை நாள் வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை.

தேங்காப்பட்டினத்தில் எப்படி முடிப்பது?

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது. ஆறு தென்னைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் வந்து, கடைசி நூறு அடியில் அலையோடு மோதிக் கலங்கும். துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள் மேல் ஏறி நடக்க ஆசையாகத்தான் இருக்கும், வேண்டாம். ஆற்றங்கரைப் பக்கம் நிழலில் உட்காருங்கள். திரும்பும்போது வந்த வழியே போக வேண்டாம், புதுக்கடை வழியாக மார்த்தாண்டம் ஏறினால் தேசிய நெடுஞ்சாலை. அங்கே இரவு ஏழு மணிக்கு நெரிசல் இருக்கும், அதனால் ஆறரைக்கே கிளம்பச் சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை, இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள்.